பிரஷர் பார்க்க மட்டுமா வரச் சொன்னார்கள்?

இங்கிலாந்துக்கு வந்து முதன்முறை கர்ப்பமாகும் நம் பெண்களின் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "டாக்டரே பார்க்கவில்லை. மாதாமாதம் ஸ்கேனும் கிடையாது. மிட்வைஃப் (பேறுகாலம் பார்க்கும் செவிலி) கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார், சிறுநீர் கேட்டார், அவ்வளவுதான்." நானும் இப்படிப் புலம்பியவள்தான்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு இங்கே 12 வாரத்தையொட்டி ஒன்று, 20 வாரத்தையொட்டி ஒன்று என இரண்டே ஸ்கேன். முதல் பிரசவம் என்றால் மிட்வைஃபைச் சுமார் 10 முறை பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீரும் உண்டு. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் அது ப்ரீ எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். ஊரில் பாட்டிமார் "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்களே, முற்றினால் அந்த வலிப்பில் கொண்டுபோய் விடும். ஆரம்பத்தில் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, பட்டைக்குத்தான் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்ய உங்கள் பகுதி குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் போகலாம், மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலும் நேரடியாகப் பதியலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடந்தால் நல்லது. அதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அவருக்கோ அக்காவுக்கோ கர்ப்பத்தில் பிரஷர், வலிப்பு ஏதாவது வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிட்வைஃப் கட்டாயம் கேட்பார். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, போன பிரசவத்தில் வந்த பிரஷர், வயது 40-ஐத் தாண்டியது, வயிற்றில் இரட்டைக் குழந்தை, எதையும் மறைக்க வேண்டாம். இதையெல்லாம் வைத்துத்தான், ப்ரீ எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பைக் குறைக்க 12-வது வாரத்திலிருந்து தினமும் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரலாமா என்று முடிவு செய்வார்கள். ஊரிலிருந்து "மாசமா இருக்கும்போது மாத்திரையா?" என்று குரல் வரும், வரட்டும். ஆனால் சூட்கேஸில் கொண்டுவந்த ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு மருந்துச் சீட்டு இலவசம், அதற்கான சான்றிதழை மிட்வைஃபிடம் கேளுங்கள்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த வேகத்தில் கையை நீட்டினால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்காருங்கள். கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிவிடுங்கள். காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருங்கள். மேலே 140 அல்லது கீழே 90, இரண்டில் ஒன்றைத் தொட்டாலே கவனிப்பார்கள். 160/110 என்றால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். சிறுநீரில் நனைக்கும் பட்டையின் நிறம் மாறினால் மாதிரி லேபுக்குப் போகும். சாம்பாரில் பருப்பு கூடிப்போனதால் வந்த புரதம் இல்லை அது!

எனக்கு 34-வது வாரத்தில் 148/94. அதற்கு முன் ஒரு வாரமாக மோதிரம் கழலவில்லை, வளைகாப்பு வளையல் மணிக்கட்டில் தடம் பதித்திருந்தது. அம்மா போனில் பார்லி கஞ்சி குடிக்கச் சொன்னார், குடித்தேன். மிட்வைஃப் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். காலில் லேசான வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் திடீரென்று வீங்கினால்தான் கவலை.

நம்மவர்கள் ஏமாறும் இன்னொரு இடம் விலா எலும்புக்குக் கீழே வரும் வலி. "வாய்வு" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். அந்த வலியோ, விடாத தலைவலியோ, கண் முன்னே பூச்சி பறப்பது போன்ற மினுக்கமோ, வாந்தியோ வந்தால் நள்ளிரவானாலும் மகப்பேறு பிரிவுக்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தால் அவசர எண் 999.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் அதற்குக் காசு கிடையாது. கணவர் பக்கத்தில் இருக்கும்போது நாம் "பரவாயில்லை" என்று மழுப்பிவிடுகிறோம், அவரும் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார். பிரஷர் மாத்திரை தொடங்கும் முன் வீசிங் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். வழக்கமாக முதலில் தரும் லாபெட்டலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துவராது.

குழந்தை பிறந்த பிறகும் ப்ரீ எக்லாம்ப்சியா தலைகாட்டலாம். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்பார்கள். நீங்கள் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருங்கள்.