சின்னக் காற்றாலைக்கு பிளேடு வடிவமைப்பு: ரெனால்ட்ஸ் எண்ணில் சறுக்காமல்

ஒரு மீட்டர் ஆரம், மூன்று பிளேடு, காற்று நொடிக்கு 8 மீட்டர். இந்த ஒன்றையே கடைசிவரை கணக்குப் போடுவோம். ஏர்ஃபாயில் (பிளேடின் குறுக்குவெட்டு வடிவம்) எப்படித் தூக்குவிசை தருகிறது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். அந்த வட்டத்தில் பாயும் காற்றின் திறன் சுமார் 985 வாட். பெட்ஸ் வரம்புப்படி அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. இந்த அளவில் 35, 40 சதவீதம் வந்தாலே நல்ல பிளேடுதான்.

அடுத்து முனைவேக விகிதம், அதாவது பிளேடு முனையின் வேகம் காற்றின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. 6 என்று வையுங்கள், முனை 48 மீ/வி வேகத்தில் ஓடும். கூட்டினால் இரைச்சல், குறைத்தால் பிளேடு அகலமாகிவிடும்.

மென்பொருளுக்கு என் ஓட்டு காற்றாலை பிளேடு வடிவமைக்கும் கியூபிளேடுக்கு. 1986-ல் எம்ஐடியில் மார்க் ட்ரெலா எழுதிய, ஏர்ஃபாயிலின் தூக்குவிசையையும் இழுவிசையையும் கணிக்கும் எக்ஸ்ஃபாயில் அதற்குள்ளேயே இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே சிஎஃப்டி (காற்றோட்டத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) பக்கம் போகாதீர்கள், அந்தக் கட்ட வலை போடுவதிலேயே உயிர் போய்விடும்.

இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். எக்ஸ்ஃபாயில் ரெனால்ட்ஸ் எண் கேட்கும், அதாவது வேகம் × பிளேடு அகலம் ÷ காற்றின் இயக்கப் பாகுநிலை. வேகம் என்றதும் காற்றின் 8 மீ/வி-யைப் போடத் தோன்றும், ஆனால் பிளேடு உணர்வது தன் சுழற்சியும் காற்றும் சேர்ந்த வேகத்தை. ஆரத்தின் 70 சதவீதத்தில் அது சுமார் 34 மீ/வி. அங்கே அகலம் 7 செ.மீ. என்றால் எண் ஏறக்குறைய 1,60,000 வரும். வெறும் 8-ஐப் போட்டால் 38,000-தான். அந்த எண்ணில் ஏர்ஃபாயிலின் குணமே வேறு, இழுவிசை தாறுமாறாக ஏறும், நல்ல வடிவத்தையே தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

சரி, அகலமே தெரியாமல் எண் எப்படி? முதலில் தூக்குக் குணகம் (தூக்குவிசையின் அளவைக் காட்டும் எண்) 1, தாக்குகோணம் (பிளேடுக்கும் அதன் மேல் வரும் காற்றுக்கும் இடையிலான கோணம்) 5 டிகிரி என்று வைத்து இந்த இரண்டையும் போடுங்கள்:

பாய்வுக் கோணம் = (2/3) × ஆர்க்டான் (1 ÷ அந்த இடத்தின் வேக விகிதம், அதாவது 6 × அந்த இடத்தின் ஆரம் ÷ முழு ஆரம்)

அகலம் = 8 × பை × அந்த இடத்தின் ஆரம் × (1 − காஸ் பாய்வுக் கோணம்) ÷ (பிளேடு எண்ணிக்கை × தூக்குக் குணகம்)

70 சதவீதத்தில் கோணம் 8.9 டிகிரி, அகலம் 7.1 செ.மீ. கோணத்திலிருந்து 5-ஐக் கழித்தால் முறுக்கு, அதாவது 3.9 டிகிரி. இந்த அகலத்தில் ரெனால்ட்ஸ் எண் கண்டு, எக்ஸ்ஃபாயிலை ஓட்டி, கிடைத்த குணகத்தை மறுபடி இதிலேயே போடுங்கள். பெரும்பாலும் இரண்டு சுற்றில் நின்றுவிடும். எக்ஸ்ஃபாயில் கேட்கும் என்கிரிட் (காற்று எவ்வளவு கலங்கலற்றது என்று சொல்லும் எண்) 9 என்பது சராசரிக் காற்றுச்சுரங்கத்துக்கு. தரையை ஒட்டிய கலங்கலான காற்றுக்கு 5 பக்கம் இறக்குங்கள்.

ஸ்டாலுக்கு (தாக்குகோணம் மிகுந்து தூக்குவிசை சரியும் நிலை) அப்பால் எக்ஸ்ஃபாயில் கைவிட்டுவிடும். கிடைத்த குணகங்களை விட்டெர்னா முறையில் (ஸ்டாலுக்குப் பிந்தைய குணகங்களைச் சூத்திரத்தால் கணிப்பது) 360 டிகிரிக்கு நீட்டிவிட்டுத்தான் ரோட்டரை ஓட்ட வேண்டும்.

பிற்சேர்க்கை: முறுக்கு 0.1 என்று வருவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். விரிதாள் ரேடியனில் விடை தருகிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: அடிப்பகுதியில், 20 செ.மீ. ஆரத்தில், அகலம் 17.7 செ.மீ. வருகிறதே, மரம் போதவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகக் குறையுங்கள், அந்த ஆரத்துக்கு உள்ளே இருப்பது வட்டத்தின் 4 சதவீதப் பரப்புதான். ஆனால் அங்குள்ள 21.5 டிகிரி முறுக்கைத் தட்டையாக்காதீர்கள். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்க அதுதான் கைகொடுக்கும்.