கலியாணத்தைப் பின்வாசலில் இருந்து தொடங்குங்கள்

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மணவறை வைக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். குப்பையை எங்கே கொட்டுகிறார்கள், வேலி இருக்கிறதா, மூடி இருக்கிறதா, குப்பை லொறி எந்தெந்த நாளில் வரும் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு முற்பணம் கொடுக்கலாம்.

திருகோணமலையில் இது மிகவும் முக்கியம். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் மட்டுமல்ல, வீதியிலும் புள்ளிமான் நடந்து போகிற ஊர் இது. சாப்பாட்டுக்கு அடியில் விரிக்கிற மெல்லிய பொலித்தீன் தாளைத்தான் லஞ்ச் சீற் என்கிறோம். குழம்பு ஒட்டிய லஞ்ச் சீற் மானுக்குச் சாப்பாடாகத்தான் மணக்கும். உள்ளே போன பொலித்தீன் செரிக்காது. வயிற்றில் கட்டியாகத் திரண்டுவிடும், மான் இரையெடுக்க முடியாமல் மெலிந்து செத்துப்போகும். சொந்தத்தில் ஒரு கலியாணம் முடிந்த மறுநாள் காலை, பாத்திரம் எடுக்கப் போன நான், ஒரு பிணைமான் மஞ்சள் கறை படிந்த சீற்றை மென்றுகொண்டு நிற்பதைக் கண்டேன். பிடுங்கலாம் என்று கிட்டப் போனேன். சீற்றோடு ஓடிவிட்டது. என் தங்கச்சியின் கலியாணத்தில் ஒரு சீற்கூட இருக்கக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். போன ஆவணியில் 350 பேருக்கு அப்படியே செய்து முடித்தோம்.

சமையல்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றிஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பரில் இருந்து இலங்கையில் தடை. பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, ஒருதரம் பாவித்து எறிகிற தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை எல்லாம் 2023 ஒக்டோபரில் இருந்து தடை. "உக்கிப்போற சீற் இருக்குது அக்கா" என்பார்கள். மண்ணுக்குள் மாதக்கணக்கில் உக்குகிற ஒன்று மானின் வயிற்றில் ஒரு நாளில் உக்காது. வாழையிலைதான் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

இலையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பெரிய இலையில் மூன்று துண்டு எடுக்கலாம், நுனியோடு சேர்த்து. 350 பேருக்கு 120 பெரிய இலை போதும் என்று கணக்குப் போட்டேன், அது பிழையாய்ப் போய்விட்டது. ஆவணியில் இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கியிருக்காது. அந்தச் சூட்டுக் காற்றில் மரத்திலேயே இலை கிழிந்து தொங்கும். தம்பலகாமத்தில் இருந்து வந்த இலைக்கட்டில் கால்வாசி கிழிசல். கடைசிப் பந்திக்கு இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுத்தான் பரிமாறினோம். ஆகவே கணக்குக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லுங்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் மறைவில் நிற்கிற வாழையாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். முதல் நாள் பின்னேரம் வெட்டி, நனைந்த சாக்கால் மூடி நிழலில் வைத்தால் காலையில் வாடாமல் இருக்கும்.

அடுத்தது தண்ணீர்ப் போத்தல், அதுவும் வேண்டாம் என்று வைத்தோம். இதில் எங்கள் பெரிய மாமா கோபப்பட்டார். "பேணியில தண்ணி குடுத்தா சனம் என்ன கதைக்கும்?" "மாமா, உங்கட கலியாணத்தில எதில குடுத்தவங்கள்?" என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். பிறகு அவரே கோயிலில் கேட்டு 200 எவர்சில்வர் பேணி எடுத்துத் தந்தார். ஆளுக்கு அரை லீற்றர் என்று வைத்தால் 175 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் ஒன்பது. வெயிலுக்காக 13 கான் எடுத்தோம், ஒன்றுதான் மிஞ்சியது. பேணி கழுவ இரண்டு பேரைக் கூலிக்கு வையுங்கள். சொந்தக்காரப் பெண்களின் தலையில் அந்த வேலையைக் கட்ட வேண்டாம், அவர்களும் சேலை கட்டிக்கொண்டு பந்தியில் இருக்கத்தான் வருகிறார்கள். வாசலில் கலர் சோடாவுக்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தோம். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.

சோடனைக்குக் குலைவாழையும் தென்னங்குருத்துத் தோரணமும் போதும். மணவறைக்காரர் றிஜிபோம் வெட்டிப் பின்னணி செய்து தருவதாகச் சொன்னால், சேலைத் துணியால் செய்யச் சொல்லுங்கள், அதைத் திரும்பவும் பாவிக்கலாம். அழைப்பிதழ் 60 மட்டும் அடித்தோம். பெரியவர்களுக்கு வீட்டுக்குப் போய்க் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடுதான் சொல்ல வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். மூதூர்ப் பக்கத்துச் சனத்துக்குத் தனித்தனி வான் பிடிக்காமல் ஒரு பஸ் விட்டோம்.

வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப, பிளாஸ்டிக் டப்பாவில் கேக் துண்டுக்குப் பதிலாகப் பனங்கட்டிக் குட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டியில் வைத்த பனங்கட்டி கொடுத்தோம். சம்பூரில் ஓலை பின்னுகிற ஒரு அம்மாவிடம் இரண்டரை மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்தோம். மாரி மழை தொடங்கினால் ஓலை காயாது, தையில் கலியாணம் என்றால் புரட்டாதிக்குள் சொல்லிவிடுங்கள்.

நிலாவெளியில் படம் பிடிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பலூன் பறக்கவிட வேண்டாம், மினுங்கல் தாள் வெடிக்க வேண்டாம். எதிரே தெரிகிற புறாத்தீவு 2003 இல் இருந்து தேசியப் பூங்கா. காற்று கொண்டுபோகிறது எல்லாம் அந்த முருகைக்கல்லில் போய்ச் சிக்கும். மிதக்கிற பலூன் துண்டை ஆமை இரையென்று விழுங்கிவிடும்.

மிஞ்சுகிற சாப்பாட்டுக்கு முதலே இடம் பேசிவையுங்கள். பால்கறியும் சொதியும் இந்த வெக்கையில் முதலில் புளிக்கும், அவற்றைக் கடைசிப் பந்தியிலேயே முடிக்கப் பாருங்கள். சோறு, பருப்பு, வடையை இரண்டு மணிக்கு முன் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினோம். எச்சில் இலையை மாட்டுக்காரர் ஒருவர் எடுத்துப்போனார். சோற்றை வழித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகச் சோறு தின்றால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும். வழித்த எச்சில் சோற்றையும் பூவையும் வாடகைக் காணி ஒன்றில் கிடங்கு வெட்டி மூடினோம்.

இவ்வளவையும் பந்தி நடக்கிற நேரத்தில் பிரிக்க வேண்டும். பிறகு பிரிக்க முடியாது, எல்லாம் கலந்துவிடும். பின்வாசலில் மூன்று வாளி, இலைக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு பொறுப்பான ஆள். எங்களுக்கு நின்றது பெரிய மாமா. மான் வந்தால் விரட்ட ஒரு பூவரசங்கம்பும் வைத்திருந்தார்.