குறைவாக ஓடும் வாகனத்துக்கு ஒயில் மாற்றுவது: கிலோமீற்றரைப் பார்ப்பதா, திகதியைப் பார்ப்பதா?

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் என் மாமாவின் சிறிய கார் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கும், இடையில் ஒரு நாள் நகரச் சந்தைக்கும் போய்வரும். ஆண்டு முழுவதும் ஓடினாலும் 1,500 கிலோமீற்றரைத் தாண்டாது. கடைசியாக ஒயில் மாற்றிய இடத்தில் முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிட்ட துண்டில், அடுத்த மாற்றம் 5,000 கிலோமீற்றருக்குப் பின்னர் என்று மட்டும் எழுதியிருந்தார்கள், திகதி இல்லை. மூன்று ஆண்டுகள் கழிந்த பின்பும், "இன்னும் ஐயாயிரம் ஓடேல்லயே தம்பி" என்றார் மாமா. நான் பொனட்டைத் திறந்து, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன். பால் விட்ட கோப்பியின் நிறத்தில், வெண்ணெய்ப் பதத்தில் ஒரு பசை மூடியின் உட்புறம் அப்பியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஆவியாகிப் போக வழியின்றி ஒயிலோடு கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறினாலும், சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயில் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடும் வாகனத்தில் ஒயில் நன்றாகச் சூடேறி இந்த ஈரத்தை விரட்டிவிடும். நான்கைந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வாகனத்திலோ, ஒயில் சூடேறத் தொடங்கும்போதே எஞ்சின் அணைக்கப்பட்டுவிடுகிறது. தங்கிப்போன ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலில் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலத்தை முறிப்பதற்கென்று சேர்க்கப்பட்ட இரசாயனங்கள், வாகனம் ஓடாவிட்டாலும், மெல்ல மெல்லத் தீர்ந்துபோகின்றன. குளிர் நாடுகளைவிட நம் ஊர் வெயிலில் எஞ்சின் விரைவாகச் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் மாமாவின் காரைப் பார்த்த பிறகு அந்த வெயிலை நம்பிக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

படி 1: உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். பழைய பற்றுச்சீட்டில் உள்ள கிலோமீற்றரையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டால் ஆண்டு ஓட்டம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, ஒரு தடவை எஞ்சினை இயக்கினால் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்பதாகும். மாதம் ஒருமுறை ஹபரணை வரை போய்வரும் காரும், அதே கிலோமீற்றரைச் சந்தைக்கும் பாடசாலைக்குமாகத் துண்டு துண்டாக ஓடும் காரும் ஒன்றல்ல.

படி 2: கைநூலில் உள்ள இரண்டு எண்களையும் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கிலோமீற்றரோடு மாதத்தையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன: 5,000 அல்லது 6 மாதம், 10,000 அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான வாகனமென்றால் கைநூல் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தால் எண்களைப் படித்துக்கொள்ளலாம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 (0W-20, 5W-30) போன்ற, ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் தரமும் அங்கேயே இருக்கும். "பழைய எஞ்சின், தடித்த ஒயில் விடுங்கோ" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

படி 3: ஒயிலை நேரில் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின்னர் டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். கறுத்துப்போனதை மட்டும் வைத்து ஒயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது, அழுக்கைச் சுமப்பது அதன் வேலையே. ஆனால் பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, எரிபொருள் கலந்திருக்கிறது என்று பொருள். மூடியில் பசை தென்பட்டால், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் தண்ணீரின் அளவையும் பாருங்கள். அதுவும் குறைந்துகொண்டே போனால் அது ஒயில் மாற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல; எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு பழுதாகியிருக்கலாம். கராஜுக்குத்தான் போகவேண்டும்.

படி 4: இடைவெளியை முடிவு செய்யுங்கள். என் தீர்மானம் இதுதான்: சாதாரண மினரல் ஒயிலென்றால் 6 மாதம், முழு சிந்தெடிக் ஒயிலென்றால், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும் வாகனத்துக்கு 12 மாதம், குறுந்தூரம் மட்டுமே ஓடுவதென்றால் சிந்தெடிக்குக்கும் 6 மாதம். கைநூல் இதைவிடக் குறைவாகச் சொன்னால் கைநூலே சரி. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் காரை மாதக்கணக்கில் மூடிவைக்கும் முன்பே ஒயிலை மாற்றிவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் அமிலமேறிய பழைய ஒயில் அத்தனை நாளும் பெயரிங்குகளின் மேல் படிந்தே கிடக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில், ஓடாத வண்டியை நாள்தோறும் ஐந்து நிமிடம் இயக்கி அணைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்தது. பட்டரிக்காகச் செய்கிறோம் என்று நினைத்தோம். ஒயிலுக்கு அது கெடுதலே, ஒவ்வொரு தடவையும் ஈரம் சேருமே தவிர ஆவியாகாது. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை நிலாவெளி வரை போய் நிற்காமல் திரும்பிவந்தால் ஒயிலுக்கும் பட்டரிக்கும் பயனுண்டு.

படி 5: மாற்றும் முறை. எஞ்சினைச் சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வேலையைத் தொடங்குங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை உயர்த்தித் தாங்கிகளின் மேல் இருத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் வண்டியின் கீழே போகாதீர்கள். மணற்தரையில் ஜாக்கின் அடி புதையும். ஊற்றும் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, அகன்ற தாச்சியைக் கீழே வைத்து, ஒயில் தொட்டியின் அடி நட்டை இடப்பக்கமாகச் சுழற்றிக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை வடியவிடுங்கள். கையுறை அணிவது அவசியம்.

பில்டரையும் ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். புதிய பில்டரின் இறப்பர் வளையத்தில் விரலால் சிறிது புதிய ஒயிலைத் தடவி, வளையம் தொட்ட பின்னர் முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று முன்னதாகத் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஒயில் பீறிடும். அடி நட்டுக்குப் புதிய வாஷர் போட்டு அளவோடு இறுக்குங்கள், அலுமினியத் தொட்டியின் புரி எளிதில் கழன்றுவிடும். பின்னர் கைநூல் சொல்லும் அளவில் சற்றுக் குறைத்து ஊற்றி, எஞ்சினை இயக்கி, ஒயில் விளக்கு அணைகிறதா என்றும் கீழே ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். அணைத்து, வண்டியைச் சமதரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கிளட்சும் அதே ஒயிலில் ஊறும் வண்டிகளுக்குப் போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி இருக்கவேண்டும். காருக்கு வாங்கிய மிச்சத்தை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

வடித்த ஒயிலை வேலியோரத்தில் ஊற்றாதீர்கள். மணற்பாங்கான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச்சேர நெடுநாள் ஆகாது. வெறும் கலனில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

மாமாவின் கண்ணாடியில் இருந்த துண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைத் துணி ஒட்டுத்தாளில் மாற்றிய திகதி, அடுத்த திகதி, கிலோமீற்றர் என்ற மூன்றையும் எழுதி ஒட்டினேன். திகதியைப் பெரிதாக எழுதச் சொன்னார், கண்ணாடி போடாமல் வாசிக்க வேண்டுமாம்.