18 வயதில் முதல் லைசென்ஸ்: எல்.எல்.ஆர் போடுவதிலிருந்து கார்டு வரும் வரை

அக்கா மகனுக்கு லைசென்ஸ் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புரோக்கர் யாரும் இல்லாமலே முடித்துவிட்டோம். எல்லோரும் ஓட்டுநர் தேர்வில் எட்டு போடுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது கொஞ்ச நாள் பழகினால் வந்துவிடும். உண்மையில் இழுத்தடிப்பது ஆதார். அதனால் அந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது எப்படி என்பது இதில் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான் என்றாலும் அலுவலக நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

முதலில் வயது

மோட்டார் வாகனச் சட்டம், 1988 சொல்வது இதுதான்: கார், பைக், ஸ்கூட்டர் எதுவானாலும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் எடுக்கலாம். ஆனால் இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். 50 சிசி லைசென்ஸை வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம், அபராதம் 5,000 ரூபாய். என்னைக் கேட்டால் 16 வயதில் இதற்காக அலைய வேண்டாம். அவசியம் என்றால் 250 வாட்ஸுக்குக் குறைவான, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத மின்சார வண்டி இருக்கிறது. அதற்கு லைசென்ஸே தேவையில்லை. டியூஷன் போய்வர அது போதும்.

"தெருமுனை வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். எனக்கு இதில் பெரிதாகப்படுவது கடைசி ஷரத்து: அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் பஸ்தான்.

ஆதாரைச் சரிசெய்யுங்கள் (விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்)

எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பிக்கப் பரிவாகன் சாரதி என்ற அரசுத் தளத்தில் இரண்டு வழி இருக்கிறது. ஆதார் வழியாகப் போனால் எல்லாம் வீட்டிலிருந்தே முடியும், தேர்வு உட்பட. ஆதார் இல்லாமல் போனால் ஆவணங்களைப் பதிவேற்றிவிட்டு ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு நேரில் போக வேண்டும். முதல் வழிதான் சுகம் என்று எல்லோரும் அதில் இறங்குகிறார்கள். அங்கே பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, ஓடிபி. பிள்ளையின் ஆதாரில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பழைய நம்பர். அந்த சிம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் புது நம்பரை ஆதாரில் இணைத்தாக வேண்டும்.

இரண்டாவது, போட்டோ. எங்களை நிறுத்தி வைத்தது இதுதான். பள்ளியில் சேர்க்கும்போது எடுத்த ஆதார் படம் அப்படியே இருந்தது, எண்ணெய் வைத்து வகிடெடுத்த முகம். வீட்டிலிருந்து தேர்வு எழுதும்போது கேமரா உங்கள் முகத்தை ஆதார் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அரும்பு மீசையோடு உட்கார்ந்திருக்கும் பையனை அது எப்படி ஏற்கும்? விளக்கைப் போட்டுப் பார்த்தோம், கண்ணாடியைக் கழற்றச் சொன்னோம், ஒன்றும் ஆகவில்லை. தப்பித் தவறி ஏற்றுக்கொண்டாலும் எல்.எல்.ஆரில் அச்சாவது அதே குழந்தைப் படம்தான்.

இதற்கு மருந்து எளிது. 15 வயதானதும் கைரேகை, கருவிழி, படம் மூன்றையும் புதுப்பிப்பது எப்படியும் கட்டாயம். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போதே இதை முடித்துவிட்டால் 18ல் லைசென்ஸ் வேலை சிக்கலில்லாமல் நடக்கும். இப்போதே 18 ஆகிவிட்டது, அவசரம் என்றால் ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்து நேரில் போங்கள். அங்கே புதிதாகப் படம் எடுப்பார்கள்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை என்று ஆளுக்கொரு விதமாக இருக்கும். ஆதார் வழியாகப் போனால் லைசென்ஸில் ஆதாரில் உள்ள பெயர்தான் ஏறும். நாளைக்குப் பாஸ்போர்ட், வேலை என்று போகும்போது எல்லோரும் கேட்பது பத்தாம் வகுப்புப் பட்டியலைத்தான். ஆகவே ஆதாரை அதற்கு ஒத்தாற்போல மாற்றிவிட்டு இங்கே வாருங்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. எழுத்துக்கூட்டி நிதானமாகச் செய்யுங்கள்.

விண்ணப்பம்

போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்யுங்கள். அந்தத் தளம் போன் திரையில் படுத்தும் பாடு தனிக் கதை. கம்ப்யூட்டர் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் சிறு கட்டணத்துக்குப் போட்டுத் தருகிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் ஓடிபி வரும் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'கியர் உள்ள இருசக்கர வாகனம்', 'இலகுரக மோட்டார் வாகனம்' இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கார் வீட்டில் இல்லாவிட்டாலும் சரி. பிறகு காருக்கென்று தனியாக ஒரு சுற்று அலைய வேண்டாம். கியர் இல்லாததை மட்டும் தேர்ந்தெடுத்தால் பிற்காலத்தில் பைக்கைத் தொட முடியாது. கியர் பைக் லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டரும் அதிலேயே அடங்கிவிடும்.

உடல்தகுதிக்கு நீங்களே உறுதிமொழி கொடுக்கும் படிவம் ஒன்று வரும். இந்த வயதில் சொந்த வண்டிக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை. அதில் ஒரு கேள்வி, 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் செல்லும். கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடாமல் தெருவில் இறங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். விபத்தில் இறந்தால் உறுப்பு தானம் செய்யச் சம்மதமா என்றும் கேட்பார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளை தானே முடிவெடுத்துப் பதில் எழுதும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். எங்கள் பையன் யாரையும் கேட்கவில்லை.

கட்டணம்: எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. மாநிலக் கட்டணம் கொஞ்சம் மேலே ஏறும். பணம் கழிந்தும் தளம் 'நிலுவை' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். கட்டண நிலையைச் சரிபார்க்கும் பகுதி அதே தளத்தில் இருக்கிறது. அங்கே விண்ணப்ப எண்ணைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்.எல்.ஆர் தேர்வு

முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும், தாவிப் போக முடியாது. அப்புறம் கேள்விகள் வரும். தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். சைகைப் பலகையின் வடிவத்தை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது: வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். கைச் சைகைகளையும் படித்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர் காலத்தில் அவை யாருக்கும் தெரிவதில்லை, ஆனால் கேட்கிறார்கள்.

எல் போர்டு மாட்டிய மாதம்

எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இந்த இடைவெளியில் 'எல்' போர்டு முன்னும் பின்னும் இருக்க வேண்டும்: 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. கார் என்றால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பைக்கில் பின்னால் நண்பனை ஏற்றக்கூடாது, கற்றுத்தரும் லைசென்ஸ்காரர் மட்டும் உட்காரலாம். எல்.எல்.ஆர் கையில் வந்ததும் பிள்ளைகள் முதலில் மீறுவது இதைத்தான்.

எட்டு

தேர்வுக்கு ஸ்லாட் எடுக்கும்போது ஒரு வகைக்கு 300 ரூபாய், லைசென்ஸுக்கு 200. இருசக்கர வண்டிக்குத் தரையில் எட்டு வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். கால் ஊன்றினால் போச்சு.

சரியான வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. கனமான, நீளமான பைக் வேண்டாம். 100 சிசி சாதா பைக்கை யாரிடமாவது கடன் வாங்குங்கள். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே திரும்புங்கள். முன் பிரேக் பக்கம் விரலே போகக்கூடாது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் அடுத்து போக வேண்டிய வளைவில் இருக்கட்டும். காலி மைதானத்தில் இரண்டு செங்கல் வைத்துப் பழகினால் போதும்.

காருக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூலில் சேர்வதை நான் ஆதரிக்கிறேன். இரட்டைப் பிரேக் உள்ள வண்டியில் கற்றுக்கொள்வது வீட்டாரின் நெஞ்சுவலிக்கு நல்லது.

அன்றைக்குக் கொண்டு போக வேண்டியவை: எல்.எல்.ஆர், ஹெல்மெட், வண்டியின் ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. கடன் வாங்கிய வண்டி என்றால் இன்சூரன்ஸ் தேதியை முந்தின நாளே பாருங்கள். நன்றாக ஓட்டுகிறவர்களும் இதற்காகத் திரும்பிப் போவதை அன்றைக்குப் பார்த்தோம். தேர்வு நடத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டால் பதில் சொல்லக் கைச் சைகைகளை மறந்துவிடாதீர்கள்.

கார்டு

பாஸானால் கார்டு வேகத் தபாலில் வீட்டுக்கு வரும். முகவரியில் கதவு எண் சரியா என்று பாருங்கள், வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். அதற்குள் டிஜிலாக்கரில் லைசென்ஸ் ஏறிவிடும், போலீஸிடம் அதைக் காட்டினாலும் செல்லும். எம்பரிவாகன் செயலியும் இருக்கிறது, எனக்கு டிஜிலாக்கர்தான் பிடிக்கும், மதிப்பெண் பட்டியலும் அதிலேயே இருப்பதால். 18ல் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும்.

பின்சேர்க்கை 1: ஓட்டுநர் தேர்வில் தவறினால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் எல்.எல்.ஆரின் ஆறு மாதம் முடிந்துவிட்டால் புதிதாக எல்.எல்.ஆர் போட்டுத்தான் வர வேண்டும். அதனால் கடைசி மாதம் வரை தள்ளாமல் முதல் தேர்வுக்குச் சீக்கிரமே போங்கள்.

பின்சேர்க்கை 2: வாட்ஸ்அப்பில் ஆர்.டி.ஓ பெயரில் வரும் செயலிக் கோப்பை ஒரு வாசகர் நிறுவப் போயிருக்கிறார். அப்படி எதையும் அரசு அனுப்புவதில்லை. தொட்டால் வங்கிக் கணக்கு காலியாகும். செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

பின்சேர்க்கை 3: ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்களுக்கு: சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்குள் எந்த லைசென்ஸ் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கார்டு போகும் முகவரி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்தால் கார்டும் அங்கேதான் போகும், அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.