பிள்ளைகளுக்கு ஏஐ சொல்லிக்கொடுக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏஐ வகுப்பு எடுக்கிறேன். பலரும் செய்கிற தவறைத்தான் நானும் முதலில் செய்தேன்: மூன்றாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே பாடம். புரொஜெக்டரில் சாட்ஜிபிடியைத் திறந்து "கேளுங்க" என்றேன். வாண்டுகள் கைதட்டின. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அதனிடம் எழுதித் தரச் சொன்னார்கள். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். சாட்ஜிபிடியின் விதிப்படியே குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வரை பெற்றோர் சம்மதமும் தேவை. நமக்கு நெல் போதும். ஆடுதுறை 37 குண்டு, ஆடுதுறை 43 சன்னம். இரண்டிலும் பத்துப் பத்து மணிகளைக் காட்டி ஒரு பையனை 'மெஷின்' ஆக்கினோம். மற்றவர்கள் ஒவ்வொரு மணியாக நீட்ட, அவன் வாய் திறக்காமல் இரண்டு தட்டுகளில் பிரித்துப் போட வேண்டும். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருத்தி சீரகச் சம்பா மணி ஒன்றை நுழைத்துவிட்டாள். மெஷின் கொஞ்சம் முழித்துவிட்டு அதைச் சன்னத் தட்டில் போட்டது.

"ஏன்டா, அது சீரகச் சம்பான்னு தெரியலையா?"

"தெரியும் சார். ரெண்டு தட்டுதானே வெச்சிருக்கீங்க!"

படம் பார்த்து ரகம் பிரிக்கும் சாதாரண நிரலும் இப்படித்தான், பழக்கிய வகைகளில் ஏதோ ஒன்றைச் சொல்லியே தீரும். இதை நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மறு வாரம் 'தெரியாது' என்று மூன்றாவது தட்டு வைத்தேன். பாதி நெல் அதில் போய் விழுந்தது. எவ்வளவு சந்தேகம் வந்தால் அந்தத் தட்டு என்று அவர்களே சண்டை போட்டு முடிவுகட்டினார்கள்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கிறவர்களிடம் "ஏஐ தப்பாச் சொல்லும், சரிபார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவது அடுத்த தவறு. எதை வைத்துச் சரிபார்ப்பது? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நம் ஊரில் எல்லோரும் கேட்ட கதை. "நிழல் ஏன் விழுவதில்லை?" என்று ஒரு குழுவும், "நிழல் விழுமா?" என்று இன்னொரு குழுவும் என் போனில் கேட்டார்கள். முதல் கேள்விக்கு அடுக்கடுக்காகக் காரணங்கள் வந்தன. இரண்டாவதற்கு "விழும்" என்று வந்தது. கேள்வியிலேயே பொய்யை வைத்துக் கேட்டால் பதில் அதற்குத் தாளம் போடலாம் என்பது புரிந்தது. பிறகு ஒரு காலை எட்டு மணிக்குக் கோயிலுக்கே போய், விமானத்துக்கு மேற்கே அதன் நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

ஒன்பதாவதுக்கு மேல் "தொடாதே" என்பது எடுபடாது, ஒளித்துவைத்துப் பயன்படுத்துவார்கள். ஒரு மாணவி ஏஐயிடம் கேட்டு எழுதிய கட்டுரையில் "மேட்டூர் அணை ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தாள். வழக்கமான தேதி அதுதான். ஆனால் 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28. ஊரில் குறுவை போட்டவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களைக் கோத்துத் தருகிற கருவி, வழக்கத்தைச் சொல்லிவிட்டு விதிவிலக்கைக் கோட்டைவிடும் என்பதை அவளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

ஆதார் எண், வீட்டுப் படம், தோழியின் ரகசியம் எதையும் அதில் தட்டக் கூடாது என்பதை எல்லா வயதுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒன்று. 'ஏஐ எழுதியதா' என்று கண்டுபிடிக்கும் கருவியை நம்பிப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய அப்படியொரு கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. நான் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைமடைன்னு எழுதியிருக்கியே, உங்க ஊருக்குத் தண்ணி எந்த வாய்க்கால்ல வருது?" என்று கேட்பேன்.