க்யூட்ல (Qt, டெஸ்க்டாப் ஆப் எழுதற டூல்கிட்) நாலஞ்சு வியூ வச்சு டெஸ்க்டாப் ஆப் பண்றவங்களுக்கு

ஒரே ஆப்ல லிஸ்ட், டீட்டெயில், பிரிவியூ மாதிரி நாலு வியூ (டேட்டாவ காட்டற பகுதி) காட்டணும்னா கோட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க, இதெல்லாம் ஒரே ஃபைலத்தான் பாக்குதா இல்ல வேற வேற ஃபைலா. ஒரே ஃபைல்னா ஒரு மெயின் விண்டோக்குள்ள டாக் பேனலா (ஓரத்துல ஒட்டியிருக்கற, இழுத்து நகர்த்தக்கூடிய பேனல்) வைங்க, வேற வேறன்னா தனித்தனி விண்டோவா விட்டுடுங்க. படம் எடிட் பண்ற கிம்ப்ல ரொம்ப வருஷம் டூல்பாக்ஸ் தனியா படம் தனியா மிதந்துட்டு இருந்துச்சு, 2012ல வந்த 2.8லதான் எல்லாத்தையும் ஒரே விண்டோல வச்சுக்கற வசதி வந்துச்சு, எக்செல் நேர் எதிர், 2013 வெர்ஷன்ல ஒவ்வொரு ஒர்க்புக்குக்கும் தனி விண்டோ. என்னைக் கேட்டா ரெண்டுமே சரி, பிரஷ் படத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும், ரெண்டு கணக்க ஒப்பிட்டுப் பாக்கறவருக்கு ரெண்டு மானிட்டர் வேணும்.

அடுத்தது டேட்டா. ஒவ்வொரு வியூவுக்கும் தனி காப்பி வைக்கவே வைக்காதீங்க, லிஸ்ட்ல விலைய மாத்துனா பிரிவியூ பழைய விலையவே காட்டிட்டு நிக்கும். மாடல், அதாவது டேட்டாவ வச்சிருக்கற ஆப்ஜெக்ட், ஒண்ணு, எல்லா வியூவும் அதையே பாக்கட்டும். ஒரே மாடல பாக்கற ரெண்டு வியூல ஒண்ணுல வரிய தொட்டா இன்னொண்ணுலயும் அதே வரி செலக்ட் ஆகணும்னா எந்த வரி செலக்ட் ஆகியிருக்குன்னு வச்சிருக்கற, முதல் வியூவோட செலக்‌ஷன் மாடல எடுத்து ரெண்டாவதுக்கு செட்செலக்‌ஷன்மாடல்ல குடுங்க, ஒரே வரி கோட்தான், இதுக்குப் போய் சிக்னல் ஸ்லாட்டா (ஒண்ணுல மாறுனா இன்னொண்ணுக்குச் சொல்ற இணைப்பு) எழுதிக் கஷ்டப்படாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், யூசர் இழுத்து வச்ச இடம் அவரோடது. ஒரு கடைக்கு பில்லிங் ஆப் பண்ணிக் குடுத்தப்போ ஸ்க்ரீன்ல விண்டோ எங்க இருக்குன்னு சொல்ற எக்ஸ், ஒய் நம்பர நானே சேவ் பண்ணி வச்சேன், கடைக்காரர் ரெண்டாவது மானிட்டர கழட்டுன அன்னைக்கு ஆப் திறக்குது, டாஸ்க்பார்ல ஐகான் இருக்கு, விண்டோ எங்கயுமே இல்ல, பாவம் ஒரு காலைப்பொழுது பூரா கையால பில் போட்டாரு. அதுக்கப்புறம் விண்டோவோட இடத்தையும் அளவையும் சேவ் பண்ணித் திரும்ப வைக்கற க்யூட்டோட சேவ்ஜியாமெட்ரி, ரீஸ்டோர்ஜியாமெட்ரி மட்டும்தான், ஸ்க்ரீனுக்கு வெளிய போற விண்டோவ அதுவே உள்ள இழுத்துடும். பேனல் எல்லாம் எங்க இருந்துச்சுன்னு நினைவு வைக்க சேவ்ஸ்டேட், ரீஸ்டோர்ஸ்டேட். ஆனா ஒவ்வொரு டாக்குக்கும், டூல்பாருக்கும் ஆப்ஜெக்ட் நேம் கண்டிப்பா வைங்க, பேர் இல்லாத பேனல அடுத்த தடவ அதால அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. எல்லா டாக்கையும் சேர்த்து முடிச்சப்புறம்தான் ரீஸ்டோர்ஸ்டேட்ட கூப்பிடணும்.

தெரியாம பேனல மூடிட்டா திரும்பக் கொண்டுவர வழி வேணும்ல, ஒவ்வொரு டாக்கோட டாகிள்வியூஆக்‌ஷனையும் வியூ மெனுல போட்டுடுங்க, டிக் அடிச்சா வரும் எடுத்தா போகும். கூடவே "பழைய லேஅவுட்"னு ஒரு மெனு, அதுக்கு ஆப் திறந்தவுடனே, யூசரோட லேஅவுட்ட ரீஸ்டோர் பண்றதுக்கு முன்னாடி, இருக்கற ஸ்டேட்ட ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுக்கிட்டா போதும்.

குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது மானிட்டர் கேபிள புடுங்கிட்டு ஒரு தடவ திறந்து பாருங்க, அப்புறம் 1366க்கு 768 ஸ்க்ரீன் உள்ள பழைய லேப்டாப்ல ஒரு தடவ, கடைங்கள்ல இன்னும் அதுதான் ஓடுது.