ஈயச் சிப்பாய்கள் சேகரிக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் செய்முறை விளக்கம்

உலோகத்தில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய சிப்பாய் பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண் எப்படி, மீசை எப்படி, தொப்பியின் இறகு எப்படி என்று. சேகரிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். யார் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலத்தது, உலோகம் நலமாக இருக்கிறதா என்பதற்கெல்லாம் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். முகம் அப்புறம்.

இங்கே நான் சொல்வது பழைய ஐரோப்பிய ஈயப் பொம்மைகளையும், அதே மரபில் இன்று வரும் உலோக உருவங்களையும் பற்றி. பிளாஸ்டிக், ரெசின், மேசைப் போர் விளையாட்டுக்கான குட்டி உருவங்கள் எல்லாம் தனி உலகம். அவற்றுக்குள் போகவில்லை.

படி 1: வார்ப்பு வகைகளைப் பிரித்தறியுங்கள்

பழையவை மூன்று வகை.

முதலாவது தட்டை உருவங்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கும் சுற்று வட்டாரமும்தான் இவற்றின் தாய்வீடு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் யோஹான் ஹில்பெர்ட் என்ற கைவினைஞர் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் படையை வெள்ளீயத்தில் வார்த்தார். கற்பலகையில் உருவத்தைச் செதுக்கி, அந்த அச்சில் உலோகத்தை ஊற்றுவார்கள். கனம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தகடு. நேரே பார்த்தால் ஓவியம். பின்னாளில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சென் கடைப்பிடித்த 30 மி.மீ. உயரமே இவற்றின் பொது அளவாக நிலைத்தது.

இரண்டாவது கெட்டி வார்ப்பு. பிரான்சின் மின்யோ, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் ஹெய்டே இரண்டும் இதில் பெரிய பெயர்கள். கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஹெய்டே பல அளவுகளில், பல நிலைகளில் உருவங்கள் செய்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் அதன் தொழிற்சாலை அழிந்துபோனது. அடியில் முத்திரை இல்லாத ஜெர்மன் பொம்மைகள் பல கைமாறுகின்றன. அவற்றையெல்லாம் 'ஹெய்டே' என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது உள்கூடான வார்ப்பு. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் இளையவர் கொண்டுவந்த முறை இது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். ஆறும் பாலில் ஆடை கட்டுவதுபோல, அச்சின் சுவரை ஒட்டிய உலோகம் முதலில் இறுகும். உடனே அச்சைக் கவிழ்த்து, இன்னும் இறுகாத உலோகத்தை ஒரு துளை வழியாக வெளியே வடித்துவிடுவார்கள். மிஞ்சுவது மெல்லிய ஓடு. உலோகம் மிச்சம், எடை குறைவு, அதனால் விலையும் குறைவு. அதுவரை ஆங்கிலேயக் குழந்தைகளின் கையில் இருந்த ஜெர்மன் கெட்டிப் பொம்மைகளை அவருடைய குடும்ப நிறுவனமான பிரிட்டன்ஸ் ஓரங்கட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம். 1966-இல் ஈயப் பொம்மை தயாரிப்பை அந்த நிறுவனம் நிறுத்தியது. குழந்தைகளின் உடல்நலம் கருதி ஈயத்துக்கு எதிராக வந்த விதிகள் அதன் பின்னணி.

இன்றைய உருவங்களைப் பெரியவர்களுக்காகவே செய்கிறார்கள். ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி, ஜான் ஜென்கின்ஸ், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் லீஜியன் போன்றவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். சில பழைய பாணியில் பளபளப்பான பூச்சுடன் வரும். சில மங்கலான பூச்சில், நிழலும் தூசியும்கூடத் தீட்டப்பட்டு வரும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்தால் இரண்டுமே சோபிக்காது.

படி 2: ஒரு அளவு, ஒரு கதை

பிரிட்டன்ஸ் பொம்மைகள் 54 மி.மீ.; அதாவது அசலில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன புதிய நிறுவனங்கள் பெரும்பாலும் முப்பதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 60 மி.மீ. எண்ணில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், ஒருவர் அண்ணன், மற்றவர் தம்பி போல ஆகிவிடுவார்கள். ஆகவே அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது கதை. 'நெப்போலியன் போர்கள்' என்று எடுத்துக்கொண்டால் ஆயுளும் போதாது, அலமாரியும் போதாது. இன்னும் குறுக்குங்கள். வாட்டர்லூ, 1815 ஜூன் 18. அதிலும் ஊகுமோன் பண்ணை வீடு. அதிலும் அதன் வடக்கு வாசல். லெக்ரோ என்ற பிரெஞ்சு அதிகாரி கோடரியோடு கதவைப் பிளந்து உள்ளே நுழைய, பிரிட்டிஷ் கர்னல் மெக்டோனெலும் சில காவல்படை வீரர்களும் உடம்பைக் கொடுத்துத் தள்ளிக் கதவை மீண்டும் அடைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு உருவங்களில் முழுக் காட்சியும் அடங்கிவிடும்.

இப்படிக் குறுக்குவதில் இன்னொரு லாபம், சீருடை உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காவல்படையினர் அணிந்திருந்தது உயரமான ஷாக்கோ தொப்பி. இன்று லண்டன் அரண்மனை வாசலில் நாம் பார்க்கும் கரடித்தோல் தொப்பி மொத்தப் படைக்கும் வந்தது அந்தப் போருக்குப் பிறகுதான். 'வாட்டர்லூ காவல்படை' என்று எழுதி, கரடித்தோல் தொப்பியோடு ஒரு உருவம் விற்பனைக்கு வந்தால், செதுக்கியவர் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கோல்ட்ஸ்ட்ரீம் காவல்படையினருக்கு மார்புப் பட்டன்கள் இரண்டிரண்டாக இருக்கும். மூன்றாம் காவல்படைக்கு மும்மூன்றாக. முதலாம் காவல்படைக்குச் சம இடைவெளியில் ஒற்றையாக. நல்ல சிற்பி செய்த 54 மி.மீ. உருவத்தில் இதை ஒரு பூதக்கண்ணாடியை வைத்தே எண்ணிவிடலாம். எண்ண முடியாதபடி மழுங்கியிருந்தால் அந்த விலைக்கு அது தகுமா என்று யோசியுங்கள்.

படி 3: வாங்குவதற்கு முன் நிறையப் பாருங்கள்

இதற்குக் குறுக்குவழி கிடையாது. லண்டன் போகும் வாய்ப்பு அமைந்தால் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ மாதிரியைப் பாருங்கள். 1838-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள் அதில் நிற்கின்றன. ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் பிளாஸன்பர்க் கோட்டைக்குள் வெள்ளீய உருவங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

போக முடியாதவர்கள் ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களை இணையத்தில் புரட்டுங்கள். விற்பனையாளர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுமுடிந்த விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

படி 4: பொம்மையைச் சோதிப்பது

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். பகல் வெளிச்சம், பூதக்கண்ணாடி, மேசைமேல் விரித்த மெத்தென்ற துணி மூன்றும் வேண்டும். பொம்மையைப் பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள்; துப்பாக்கி, வாள், கொடிக்கம்பம் எதையும் தொடாதீர்கள்.

அடிப்பக்கம்: பிரிட்டன்ஸ் காலாட்படை என்றால் பீடத்தின் அடியிலும், குதிரைப்படை என்றால் குதிரையின் வயிற்றிலும் நிறுவனப் பெயர் இருக்கும். 1900 வாக்கில் போட்டிக் கம்பெனிகள் நகலெடுக்கத் தொடங்கியதால் முதலில் காகித ஒட்டிகளை ஒட்டினார்கள். பிறகு எழுத்தை அச்சிலேயே பொறித்தார்கள். எழுத்தே இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம், மிகப் பழையதாகவும் இருக்கலாம். தொடக்கக் காலத்தில் பீடங்கள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தன. சதுரப் பீடம் பின்னால் வந்தது.

துளை: உலோகத்தை வடித்த துளை எங்காவது தென்பட வேண்டும். பிரிட்டன்ஸ் என்று சொல்லிக் கையில் கொடுத்தது கெட்டியாக, கனமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூர்மை: அசல் பொம்மையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்ப்பவர்கள் உண்டு. உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் மறுவார்ப்பு அசலைவிட ஒரு இம்மி சிறிதாக இருக்கும். பட்டன், வார்ப்பட்டை, எழுத்து எல்லாம் மழுங்கியிருக்கும். அசல் ஒன்று உங்களிடம் இருந்தால் பக்கத்தில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கழுத்து: உள்கூடான பொம்மைகளில் தலைதான் முதலில் கழன்று விழும். அந்தக் காலத்து அப்பாக்கள் செய்த வைத்தியம், உடலுக்குள் ஒரு தீக்குச்சியைச் செருகித் தலையை அதன்மேல் மாட்டிவிடுவது. கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தாலோ, தலை லேசாக ஆடினாலோ உள்ளே தீக்குச்சி இருக்கிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள். அசையும் கை மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். கையின் சிவப்பும் உடலின் சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வண்ணம்: மறுபூச்சு பூசிய பழைய பொம்மையின் மதிப்பு பெரிதும் சரிந்துவிடும். உரசல் படும் இடங்களில், அதாவது மூக்கு நுனி, தொப்பியின் உச்சி, பீடத்தின் விளிம்பு போன்றவற்றில் வண்ணம் சிறிது தேய்ந்திருப்பதுதான் இயல்பு. எண்பது வயதுப் பொம்மையில் அந்த இடங்கள் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் கேள்வி கேளுங்கள். புற ஊதா விளக்கில் பிடித்தால் புது வண்ணம் பல சமயம் பழையதிலிருந்து வேறாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது முகத்துக்கு வரலாம். போருக்கு முந்தைய பிரிட்டன்ஸ் வீரர்களுக்கு மீசை தீட்டியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் மீசை இல்லை.

பெட்டி: பிரிட்டன்ஸின் வழக்கமான சிவப்புப் பெட்டியில் காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர், அட்டையில் நூலால் கட்டியிருப்பார்கள். பெட்டியும் நூல் கட்டும் அசலாக இருந்தால் விலை ஒரேயடியாக ஏறும். ஃபிரெட் விஸ்டாக் வரைந்த லேபிள் ஒட்டிய பெட்டிகளுக்குத் தனி மவுசு. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அந்தப் பழைய தொகுப்புகளில் தலைப்பாகையோடு அணிவகுக்கும் மதராஸ் சுதேசிக் காலாட்படையும் உண்டு. ஏலத்தில் வந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். விலையைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

படி 5: வாங்குவதும் தருவிப்பதும்

முதல் வாங்கலுக்குப் பெட்டி இல்லாத, சின்னச் சின்னத் தேய்மானம் உள்ள, போருக்குப் பிந்தைய 54 மி.மீ. பொம்மைகளே போதும். விலை குறைவு, கைபழகவும் ஏற்றவை. விற்பனையாளரிடம் அடிப்பக்கத்தின் படத்தைக் கட்டாயம் கேளுங்கள்; அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

இந்தியாவுக்குத் தருவித்தால் சுங்க வரி உண்டு. பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் சேர்த்தே வரி கணக்கிடுவார்கள். 2021 முதல் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு இங்கே தரச் சான்று கட்டாயம். ஆகவே பார்சலில் வெறுமனே 'பொம்மை' என்று எழுதியிருந்தால் கேள்வி வரலாம். பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள், வண்ணம் பூசிய உலோக உருவம் என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வழியில் உடைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

படி 6: வீட்டில் வைப்பது

ஈயத்தின் பெரிய எதிரி ஒரு வெள்ளைப் பொடி. பொம்மையின் அடியிலும் மடிப்புகளிலும் சாம்பல் கலந்த வெண்மையாகப் பூக்கும். கவனிக்காமல் விட்டால் உலோகத்தையே தின்று, ஒருநாள் பொம்மை உதிர்ந்துவிடும். சிலர் இதைத் தொற்றுநோய் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மரமும் அட்டையும் வெளிவிடும் அசிட்டிக் போன்ற அமில ஆவிகள் அடைத்த இடத்தில் தங்கி, ஈரப்பதத்தோடு சேர்ந்து ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. ஓக் மர அலமாரி இதில் மிக மோசம். புதிய பிளைவுட், எம்டிஎஃப் பலகை, காயாத பெயிண்ட், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசை எல்லாமே ஆபத்து.

ஆகவே தச்சரிடம் போய்ப் புதிதாக மரப்பெட்டி அடிக்கச் சொல்லாதீர்கள். கண்ணாடியும் பவுடர் கோட்டிங் செய்த உலோகச் சட்டமும் கொண்ட அலமாரி நல்லது. முழுக்க இறுக அடைக்காமல் சிறிது காற்றோட்டம் விடுங்கள். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. பழைய அட்டைப் பெட்டியை எவ்வளவு ஆசையாக வாங்கியிருந்தாலும் பொம்மையை அதற்குள் பூட்டி வைக்காதீர்கள். அமிலம் நீக்கிய தாளில் சுற்றிப் பெட்டியைத் தனியே வையுங்கள்.

பொடி பூத்த பொம்மையை உடனே தனியே எடுத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத்துணிமேல் வைத்து மென்மையான தூரிகையால் பொடியை விழச் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், அது நஞ்சு. அலமாரியின் காற்று மாறினால் பெரும்பாலும் அரிப்பு மேலும் பரவாது.

நல்ல நிலையில் உள்ளவற்றுக்குத் தூசி தட்டினால் போதும். சோப்பு, ஸ்பிரிட், எண்ணெய் எதுவும் வேண்டாம். தொட்டபின் கையைக் கழுவுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரிக்குப் பூட்டு அவசியம். இவை பொம்மைதான், ஆனால் விளையாடக் கொடுக்கக் கூடாத பொம்மை.

படி 7: பதிவேடு

வாங்கிய அன்றே எழுதுங்கள். நிறுவனம், படைப்பிரிவு, உயரம், வாங்கிய இடம், விலை, வரி, குறைகள் (கழுத்தில் தீக்குச்சி, வாள் நுனி உடைந்தது என்பதுபோல). முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என மூன்று படங்கள் எடுத்துவையுங்கள். அடிப்பக்கப் படத்தை ஆண்டுதோறும் புதிதாக எடுத்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொடி அநேகமாக முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.